அந்த 137 கசெட்டையும் என்ன செய்வது?

அப்பா விட்டுப்போன கசெட்டுகளையும் என்னுடையதையும் சேர்த்து எண்ணினால் 137. இதில் 60 நிமிடக் கசெட் 91, 90 நிமிடக் கசெட் 46. எல்லாவற்றையும் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்கவே 160 மணித்தியாலம் வேண்டும், நாளுக்கு ஒரு கசெட் என்று வைத்தாலும் நாலரை மாதம். அலுமாரிக்கு மேலே தகரப் பெட்டியில் கிடந்ததைப் போன மாரி முடிந்த கையோடு இறக்கினேன். மூடியைத் திறந்ததும் பூஞ்சண மணம் வந்தது. இனித் தள்ளிப்போட ஏலாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தங்கச்சி சொன்னாள், எல்லாப் பாட்டும் போனில் இருக்கிறது அண்ணா, பெட்டியைத் தூக்கிப் போடுங்கள் என்று. மச்சான் டவுனில் ஒரு கடை இருக்கிறது, காசைக் கொடுத்தால் பென் டிரைவில் ஏற்றித் தருவார்கள் என்றான். அம்மா மட்டும், "அது கிடக்கட்டும் மனே, அப்பா வெச்ச மாதிரியே கிடக்கட்டும்" என்றா. நான்காவது வழி நானே உட்கார்ந்து பதிவது. நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது, அதைத் திறக்கப் போகிறவர்களுக்கு இது உதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று பார்க்கும்போது, எனக்கு இது பிடிக்கிறதா என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு நான் ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன். இது வேறெங்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். பிடிப்பதும் பிடிக்காததும் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும், கசெட்டில் அழிந்தது திரும்பாது.

சரி, முதல் வழி: அப்படியே வைத்திருப்பது. எங்கள் பெட்டி தப்பியதே ஒரு தற்செயல். 2004 டிசம்பர் 26இல் கல்லடியில் எங்கள் வீட்டுக்குள் கடல் வந்தபோது இந்தப் பெட்டி வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையில் அம்மம்மா வீட்டில் இருந்தது. போர்க்காலத்தில் ஒரு இடப்பெயர்வுக்குப் பிறகு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், எடுத்துவர ஒருவருக்கும் நேரமில்லை. மண்முனையில் பாலம் இல்லாத காலம், பாதை என்கிற மிதவையில் ஏற்றி இறக்க வேண்டும், கசெட்டுக்காக யார் மெனக்கெடுவார்? 2014இல் பாலம் திறந்த பிறகுதான் ஒரு நாள் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன். இங்கே கல்லடியில் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும்.

கசெட் நாடா நாங்கள் நினைப்பதைவிட உறுதியானது. நாற்பது வருடத்துக் கசெட்டுகள் இப்போதும் பாடுகின்றன. அதற்கு எதிரி ஈரமும் வெப்பமும். எங்கள் ஊரில் இரண்டும் தாராளம், ஒக்டோபர் கடைசியில் தொடங்கும் மழை தை வரைக்கும் விடாது, 2011 ஜனவரி வெள்ளத்தில் எத்தனை வீட்டில் என்னென்ன ஊறிப்போனது என்று எல்லோருக்கும் தெரியும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் பூத்திருந்தால் அது பூஞ்சணம், அதை நல்ல ரேப்பில் (ரேப் ரெக்கோடரில்) போடக்கூடாது, நாடாவை வாசிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். என் பெட்டியில் அப்படி ஆறு இருந்தது. இன்னொன்று, கசெட்டின் வாயில் நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்துகிற சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்குமே, அதன் பசை காய்ந்து விழுந்துவிடும். விழுந்தால் சத்தம் தூரத்தில் கேட்பது மாதிரி மங்கும். பலர் கசெட் செத்துவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள், துண்டு விழுந்ததுதான் காரணம். இன்னொரு கசெட்டின் துண்டைக் கழற்றி ஒட்டினால் போதும்.

ஆகவே அப்படியே வைப்பது என்றால் சும்மா வைப்பது என்று அர்த்தமில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது முழுதாகச் சுற்றிவிட வேண்டும், நிமிர்த்தி அடுக்க வேண்டும், அதோடு போட்டுக் கேட்க ஒரு நல்ல ரேப் வேண்டும். பழைய ரேப்புகளில் முதலில் போவது ரப்பர் பட்டிதான், உள்ளே தார் மாதிரி உருகிக் கிடக்கும். என்னுடையதைத் திருத்தித் தந்தவர் எழுபது வயது தாண்டியவர், அவருக்குப் பிறகு இதை யார் திருத்துவார் என்று அவருக்கே தெரியவில்லை. இப்போது புதிதாக வருகிற மலிவான பிளேயர்களை வாங்கிப் பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். பலவற்றில் வேகம் ஒரே சீராக நிற்காது, நீட்டிப் பாடுகிற குரல் அலையும். பழைய நல்ல ரேப்பைத் திருத்துவதுதான் திறம்.

அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது, பெட்டியை நான் எறியவில்லை. ஆனால் பெட்டி மட்டும் போதாது.

இரண்டாவது வழி, தங்கச்சி சொன்னது. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது, யூடியூப் அதற்கு முதலே எல்லார் கையிலும் இருந்தது. இதைச் சும்மா தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை, ஒரு சோதனை செய்தேன். 1993இல் ரெக்கோடிங் பாரில் பதிந்த ஒரு 60 நிமிடக் கசெட்டை எடுத்தேன். ரெக்கோடிங் பார் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது: வெற்றுக் கசெட்டையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து, உறையில் அழகான கையெழுத்தில் பாட்டின் முதலடியை எழுதித் தருவார்கள். அதில் 14 பாட்டு. போனில் தேடினால் 11 அச்சொட்டாக அப்படியே கிடைத்தது, கசெட்டைவிடத் தெளிவாக. இரண்டு பாட்டு கிடைத்தது, ஆனால் வேறு பதிவு, என் கசெட்டில் உள்ளதில் இல்லாத சரணம் ஒன்று இதில் இருக்கிறது. மிச்சம் ஒன்று எங்கள் நாட்டு மெல்லிசைப் பாட்டு, எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்தால் தங்கச்சி சொன்னது பெரும்பாலும் சரி. சினிமாப் பாட்டுக் கசெட் 84 இருக்கிறது என்னிடம், அதையெல்லாம் உட்கார்ந்து பதிவது வீண் வேலை. ஒரே ஒரு விஷயம்: பாட்டின் வரிசை. அந்தக் கசெட்டில் ஒரு பாட்டு முடிந்து மூன்று விநாடி இரைச்சல், அடுத்த பாட்டு. முப்பது வருடத்துக்குப் பிறகும் முதல் பாட்டு முடிகிற இடத்தில் என் காது அடுத்த பாட்டின் முதல் புல்லாங்குழலை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறது. போன் தானாக எடுத்துப் போடுகிற வரிசையில் அது வராது. அதற்கு வழி சுலபம், உறையைப் பார்த்து அதே வரிசையில் ஒரு பிளேலிஸ்ட் செய்து, உறையைப் படமெடுத்து வைத்துவிட்டேன். கசெட்டுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் போனில் உள்ளது எங்களுடையது அல்ல. உரிமை மாறினால் ஒரு நாள் பாட்டு காணாமல் போகும், டேட்டா முடிந்தாலும் போகும். சினிமாப் பாட்டுக்கு இந்த ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம், ஆயிரம் பேரிடம் அது இருக்கிறது. வானொலியில் இருந்து பதிந்த கசெட்டுகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அப்பாவிடம் அந்த மாதிரி 22. இலங்கை வானொலித் தமிழ் வர்த்தக சேவையின் அந்தக் காலத்தை நேரில் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் காதைத் தீட்டிக் கேட்ட குரல்கள். பி.எச். அப்துல் ஹமீத், கொல்லப்பட்ட கே.எஸ். ராஜா. அப்பா பாட்டைத்தான் பதிந்தார், ஆனால் விரல் கொஞ்சம் பிந்திய இடங்களில் எல்லாம் அறிவிப்பாளர் குரல் மாட்டிக்கொண்டிருக்கிறது: நேரம், விளம்பரம், பாட்டுக் கேட்டவர்களின் பெயர் வரிசை. பாட்டு எங்கும் கிடைக்கும், அந்த நாலு வரிப் பேச்சு கிடைக்காது.

இதை நான் கண்டுகொண்டதே மூன்றாவது வழியைப் பார்த்தபோதுதான். கடையில் கசெட்டுக்கு 500 ரூபாய் கேட்டார்கள், 137க்கும் 68,500. ஐந்து கசெட் மட்டும் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பென் டிரைவில் கிடைத்தது. முதல் பார்வைக்கு நல்ல வேலை: பாட்டுப் பாட்டாகப் பிரித்துப் பெயரும் போட்டிருந்தார்கள். கேட்கத் தொடங்கினால், வானொலிக் கசெட்டில் அறிவிப்பாளர் பேசிய இடமெல்லாம் வெட்டியிருக்கிறது. கேட்டதற்கு, "அது தேவையில்லாதது தானே அண்ணன், பாட்டு மட்டும் சுத்தமா எடுத்தம்" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் பிழை சொல்ல முடியாது, என்ன வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இரைச்சலை நீக்குகிறேன் என்று அதிகமாகவும் நீக்கியிருந்தார், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது, தாளத்தின் கூர்மை போய்விட்டது. எம்பி3இல் மட்டும் தந்திருந்தார், மூலப் பதிவு அவரிடமும் இல்லை.

கடைக்குக் கொடுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. நேரமே இல்லாதவர்கள், கலியாண வீட்டுக் கசெட் ஒன்று இரண்டு மட்டும் வைத்திருப்பவர்கள் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூன்று விஷயத்தைத் துண்டில் எழுதிக் கொடுங்கள்: எதையும் வெட்ட வேண்டாம், இரைச்சலை நீக்க வேண்டாம், பக்கத்துக்கு ஒன்றாகச் சுருக்காத வேவ் ஃபைலில் தாருங்கள். பிரிப்பதும் சுத்தம் செய்வதும் பிறகு எப்போதும் செய்யலாம்.

இனி அந்தப் பிழையைச் சொல்கிறேன்.

1992இல் ஏ.ஆர். ரஹ்மான் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அதற்கு முதல் எங்களுக்கு எல்லாமே இளையராஜாதான், திடீரென்று ஒரு புதுச் சத்தம், இரண்டு பக்கத்தில் இருந்தும் வேறு வேறாக, அடியில் நெஞ்சை அதிர வைக்கிற பேஸ். பாட்டு என்றால் எங்களுக்கு அந்தப் பேஸ்தான். கேட்ட இடங்களும் அப்படி, கல்முனை பஸ், கிரிக்கெட் விளையாடும் வெளி, மச்சான் வீட்டு விறாந்தை, எப்போதும் நாலைந்து பேர் ஒன்றாக இருந்து கேட்பது. அப்பா இரவில் மெல்லமாகப் போடுகிற டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் எனக்கு வயதானவர்களின் பாட்டு. அதைவிட மோசம் அவர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பதிந்துவந்த கூத்துக் கசெட்டுகள். வடமோடிக் கூத்து, விடிய விடிய ஆடியதில் நாலரை மணித்தியாலத்தை மூன்று 90 நிமிடக் கசெட்டில் முன்னும் பின்னும் பதிந்திருந்தார், அத்தனையும் எனக்கு ஒரே மாதிரி இரைச்சல்.

1994இல் ஏ.எல். (உயர்தர) சோதனை முடிந்த லீவில் மச்சான் வீட்டுக்கு இரண்டு கசெட் போடுகிற ரேப் வந்தது, மாமா சவூதியில் இருந்து கொண்டுவந்தது. பதிய வெற்றுக் கசெட் வாங்கக் கையில் காசில்லை. அப்பாவின் கூத்துக் கசெட்டில் ஒன்றை எடுத்தேன். தெரியாமல் அழிந்துபோகக் கூடாது என்று அப்பா அதன் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்திருந்தார், பல் இல்லையென்றால் ரெக்கோட் பொத்தான் அமுங்காது. நான் அந்த ஓட்டைகளில் செலோடேப்பை ஒட்டிவிட்டுப் பதிந்தேன். ஆட்டப் பாட்டுகள். முதல் பக்கம் முழுக்க, இரண்டாம் பக்கம் 34 நிமிடம்.

அப்பா அதைக் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தக் கசெட் இந்த முறை கையில் வந்தது. செலோடேப் இன்னும் இருக்கிறது, மஞ்சளாகி, ஓரம் சுருண்டு. போட்டேன். நான் அன்றைக்கு உயிரை விட்டுக் கேட்ட பாட்டுகள், ஒன்றிரண்டு இப்போதும் நன்றாகத்தான் இருக்கின்றன, மற்றவற்றை ஒரு சரணத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. கடைசிப் பாட்டு பாதியில் நிற்கிறது. ஒரு டக் சத்தம். அப்புறம் மத்தளம்.

11 நிமிடம் மிஞ்சியிருக்கிறது. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு கட்டு அடித்து நிறுத்த, சல்லரித் தாளம் தொடர, ஒருவர் தருவை, அதாவது கூத்துப் பாட்டை, எடுக்க, பிற்பாட்டுக்காரர் மூன்று நாலு பேர் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாட, நடுவில் சலங்கை வட்டமாக நகர்கிறது. ஒற்றை மைக்கில் பதிந்ததுதான், ஆனால் வட்டக்களரியில் ஆடுகிறவர் எங்கள் பக்கம் வரும்போது சலங்கை பெருகிவந்து தூரப் போகும்போது மெலிகிறது, கண்ணை மூடினால் களரியின் அளவு தெரிகிறது. யாரோ ஒரு பிள்ளை அழுகிறது. ஒரு மனிசி, "தண்ணி எடு புள்ள" என்கிறா. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். பிற்பாட்டில் உயர்ந்து நிற்கிற குரல் பெரியப்பாவுடையது என்றா. பெரியப்பா பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது.

பேஸ் இல்லை, இரண்டு பக்கச் சத்தம் இல்லை, பதினெட்டு வயதில் நான் பாட்டிடம் தேடிய ஒன்றும் இதில் இல்லை. இப்போது நான் தேடுவது வேறு. பாடுகிறவர் எங்கே மூச்செடுக்கிறார், ஒரு அடியை எந்த இடத்தில் பிடித்து வைக்கிறார், கூடப் பாடுகிறவர் எவ்வளவு பிந்தி வந்து சேர்கிறார், இவைதான் காதில் விழுகின்றன. சீர்காழி உச்சத்துக்குப் போகும்போது தொண்டையை நெரிக்காமல் போகிற விதம் எனக்கு நாற்பது தாண்டித்தான் விளங்கியது. ஒரு காரணம் கேட்கிற இடம் என்று நினைக்கிறேன், இப்போது கூட்டத்தில் கேட்பதில்லை, எல்லோரும் படுத்த பிறகு தனியாகக் கேட்கிறேன், அப்பா கேட்ட அதே நேரம். இன்னொன்று, வயது போகப் போக மேல் சுருதிச் சத்தங்கள் காதில் குறையும், அது எல்லோருக்கும் நடப்பது, சத்தத்தின் பளபளப்பு குறையும்போது குரல்தான் முன்னுக்கு வருகிறது போல. இது என் ஊகம்தான். அறுபது வயதில் நான் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை இன்று ஒரு சரணத்தோடு நிறுத்திய அந்த ஆட்டப் பாட்டுகளைத் தேடிப் போவேன். ஆகையால்தான் இன்றைய என் விருப்பத்தைக் கேட்டு எதையும் அழிக்க மாட்டேன்.

நான்காவது வழிக்கு வருவோம், நானே பதிவது. நான் இதைத்தான் எடுத்தேன், ஆனால் 137க்கும் இல்லை. வீட்டிலும் ஊரிலும் பதிந்தவை 31: கூத்து, வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திப் பாட்டு, அம்மம்மாவின் தாலாட்டு, மாமா சவூதியில் இருந்து பேசி அனுப்பிய இரண்டு கசெட், இப்படி. இவற்றுக்கு உலகத்தில் இரண்டாவது பிரதி கிடையாது. இது ஏறக்குறைய 40 மணித்தியாலம், கிழமைக்கு ஒன்று என்றால் ஏழு மாதத்தில் முடியும். வானொலிக் கசெட் 22 அதற்கு அடுத்தது. சினிமா 84க்கும் பிளேலிஸ்ட்.

செலவு பெரிதில்லை. ரேப் திருத்தியதுதான் பெரிய செலவு. லப்டொப்பில் இருப்பது பெரும்பாலும் மைக் ஓட்டை மட்டும், அதில் நேரே குத்தினால் சத்தம் கிழியும், ஆகவே ஸ்டீரியோ லைன் இன் உள்ள சின்ன யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்று வேண்டும். பதிய ஒடாசிட்டி என்ற மென்பொருள், இலவசம், 2000ஆம் ஆண்டில் இருந்து இருக்கிறது. சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தொடுகிற அளவில் வையுங்கள், அதற்கு மேல் போனால் ஒரு கைதட்டலிலேயே உடைந்துவிடும். 44.1 கிலோ ஹேர்ட்ஸ், 16 பிட் போதும், கசெட்டில் அதற்கு மேல் எடுக்க ஒன்றுமில்லை. ஒரு மணித்தியாலம் 635 மெகாபைட் வரும், 160 மணித்தியாலமும் பதிந்தாலும் 100 ஜிபிக்குக் கொஞ்சம் மேல், தரம் குறையாமல் சுருக்குகிற ஃபிளாக் ஆக்கினால் கிட்டத்தட்டப் பாதி. போனில் அனுப்ப எம்பி3 தனியாகச் செய்துகொள்ளலாம், மூலம் மட்டும் எம்பி3 ஆக இருக்கக் கூடாது.

பதிவதற்கு முதல் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பது எல்லோருக்கும் தெரியும். பலர் செய்யாதது ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது. ஒவ்வொரு ரேப்பும் ஒவ்வொரு சாய்வில் பதிந்திருக்கும், அது பொருந்தாவிட்டால் மேல் சுருதி மங்கிவிடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, கசெட் ஓடும்போதே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். கூத்துக் கசெட்டில் எனக்கு வழிகாட்டியது சல்லரி. முதலில் யாரோ தகரத்தைத் துணியால் மூடி அடிப்பது மாதிரிக் கேட்டது, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் சட்டென்று இரண்டு தட்டும் உரசிப் பிரிகிற சத்தம் வந்தது. அந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். கடையில் இதற்கெல்லாம் நேரம் எடுக்க மாட்டார்கள், எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை.

அடுத்தது வேகம். கசெட் ஓட வேண்டிய வேகம் விநாடிக்கு 4.76 சென்றிமீற்றர். உங்கள் ரேப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை, கம்பனி வெளியிட்ட சினிமாக் கசெட் ஒன்றைப் போட்டு, அதே பாட்டைப் போனிலும் ஒன்றாகத் தொடங்குங்கள், முடிவில் எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று பாருங்கள். 3 வீதம் பிசகினாலே சுருதி கிட்டத்தட்ட அரை சுவரத்தில் பாதி மாறிவிடும், காது உள்ளவர்களுக்குத் தெரியும். இங்கே எங்கள் ஊர்க் கசெட்டுகளுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அப்பா கூத்துப் பதிந்த ஊருக்கு அப்போது கரண்ட் இல்லை, பட்டரியில் பதிந்தார். இரவு போகப் போகப் பட்டரி இறங்கும், ரேப் மெல்ல ஓடும், மெல்ல ஓடிப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறிக் கேட்கும். முதல் கசெட்டில் கட்டைக் குரலில் பாடிய அதே மனிதர் மூன்றாவது கசெட்டில் பொடியன் மாதிரிப் பாடுகிறார். நான் முதலில் வேறு ஆள் என்றே நினைத்தேன். ஒடாசிட்டியில் வேகத்தை மாற்றலாம், முதல் கசெட்டில் உள்ள குரலை அளவாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மாற்றாத மூலத்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், நான் இறக்கியது பிழையாக இருந்தால் பின்னால் வருகிறவர் சரிசெய்யட்டும்.

பூஞ்சணம் பிடித்த ஆறில் நாலு சினிமா, அதை விட்டுவிட்டேன். மற்ற இரண்டையும் ஓடு கழற்றி, நாடாவை வேறு ஓட்டுக்கு மாற்றி, ஒரு பழைய ரேப்பில் மெல்லத் துணி பிடித்துச் சுற்றினேன், வாசலில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு. ஒன்று பாடுகிறது. மற்றது அங்கங்கே மட்டும்.

பதிந்ததை ஒரு இடத்தில் வைக்காதீர்கள். எங்கள் ஊரில் 1978 சூறாவளியும் 2004 கடலும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஹாட் டிஸ்க் கல்லடியில், ஒன்று கொக்கட்டிச்சோலையில், வாவிக்கு இரு பக்கமும். தங்கச்சிக்கும் ஒன்று. கூத்தும் குளிர்த்தியும் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதில்லை என்பதால் அவற்றின் பிரதியை வெளியிலும் கொடுக்க நினைக்கிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் புத்தகங்களோடு ஒலிப்பதிவுகளையும் சேமிக்கிறது, கல்லடியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, இசையும் கூத்தும் படிக்கிற பிள்ளைகள் நடந்து வருகிற தூரம். கொடுப்பதற்கு முதல் அந்த ஊருக்குப் போய், பாடியவர்களில் இருப்பவர்களிடமும் இல்லாதவர்களின் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். அவர்களுக்கு முதல் பிரதி போக வேண்டும். யார் அண்ணாவியார், எந்த வருடம், எந்தக் கூத்து என்ற விபரத்தையும் அங்கேதான் எழுதி எடுக்க வேண்டும், ஃபைலின் பெயரில் அது இல்லாவிட்டால் இன்னும் முப்பது வருடத்தில் அது வெறும் சத்தம்.

வேலை இப்போது நடக்கிறது. 31இல் ஒன்பது முடிந்துவிட்டது. தங்கச்சி போன கிழமை போனில் அம்மம்மாவின் தாலாட்டைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை, பிறகு மற்றதையும் அனுப்புங்கள் அண்ணா என்றாள். பத்தாவது கசெட்டின் உறையில் அப்பா பென்சிலால், "கல்லடிப் பாலம், பூரணை" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது, ஒரு இரவு ரேப்பையும் தூக்கிக்கொண்டு தோணியில் போனார், மீன் பாடுகிறதைப் பிடித்துவருகிறேன் என்று. பிடித்தாரா என்று அம்மா கேட்கவில்லையாம். சனிக்கிழமை போடுகிறேன்.